டோர் லாக்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
மேலூரைத் தாண்டி நரிக்கல்பட்டிப் பக்கம் எனக்குச் சுற்று.
நாற்பத்தொன்று, இருநூற்றாறு, தொண்ணூற்றொன்பது யூனிட்.
வீட்டுக்கு ஒரு எண், அட்டையில் ஒரு கிறுக்கல்.
கொல்லைப்புறம் செம்போத்து கத்தினால்
அதற்கும் ஓர் எண்: ஒன்று.
வாரியத்தின் கருவி வலது கையில்,
சொந்த போன் இடது கையில்.
சம்பளம் வலது கைக்கு மட்டும்.

ஆரம்பத்தில் எனக்குக் குருவி என்றால் குருவி, அவ்வளவுதான்.
கலங்கலாய் ஒரு படத்தை ஏற்றிவிட்டுத் தூங்கிப்போவேன்.
நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டர், ஆக்னஸ் மெர்லின்,
நேரில் பார்த்ததில்லை,
ராத்திரி பதினோரு மணிக்கு எழுதுவார்:
'புருவத்தைப் பாருங்கள். வெள்ளைக்கோடு இல்லை.
எனவே சாம்பல் கதிர்க்குருவி.'
குருவிக்குப் புருவம் உண்டென்று
முப்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

தை மாதம் மதுரையில் கூட்டம்.
ஏசி அறை, முந்திரி பிஸ்கட்,
சுவர் முழுக்க வரைபடம்.
ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர்
வெயிலில் நின்ற இடம்.
என் புள்ளிகளை உடனே கண்டுபிடித்தேன்.
மின்கம்பி போன வழியே போயிருந்தன,
டீக்கடை வந்தால் கொத்தாய் அடர்ந்து.
ஆனைக்கல் பாறைக்குப் பின்னால் மட்டும்
ஒரே வெள்ளை.
குவாரிக்கு மனுப் போட்டிருக்கும் இடம் அது.
அதிகாரி சிவப்பு ஒளியை அங்கே வைத்து
'இங்கே ஒன்றும் இல்லை' என்றார்.

எழுந்து பேசும் பழக்கமில்லை எனக்கு.
'சார், ஆளில்லாத வீட்டுக்கு
நாங்க சைபர் போட மாட்டோம்.
டோர் லாக்னு போடுவோம்.
உள்ள பிரிட்ஜ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.'
நாலைந்து பேர் சிரித்தார்கள்.
கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு, ஸ்கூட்டி போகும்வரை போய்
அதற்குமேல் நடந்தேன்.
எப்போதோ வெட்டிக் கைவிட்ட பள்ளம்,
அடியில் பச்சைத் தண்ணீர்.
காவலுக்கு மாயழகு, இருபத்திரண்டு வயதிருக்கும்,
காதில் பாட்டு, கையில் கம்பு.
எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை.
'மேல பாருங்கக்கா' என்றான்.

டிரில் போட்ட வரிகள் இன்னும் அழியாத பாறைத்தட்டில்
கொம்பன் ஆந்தை.
பக்கத்தில் அழுக்குப் பஞ்சாய் இரண்டு குஞ்சு.
அந்த ஆரஞ்சுக் கண் அசையாமல்
என்னை ரீடிங் எடுத்தது.

படம் நன்றாகவே விழுந்தது.
போன் கேட்டது: இடம்?
'போட்றாதீங்கக்கா.
போன அமாவாசைக்கு ஒரு கார் வந்துச்சு, கூண்டோட.
பூசைக்காம். லட்ச ரூவா தாரேன்னாய்ங்க.'

புள்ளி வைத்தால் கூண்டு வரும்.
வைக்காவிட்டால் வெடி வரும்.
பாறைச்சூட்டில் உட்கார்ந்து
பேட்டரி பன்னிரண்டு சதவீதம் ஆகும்வரை
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாயழகு பாட்டை நிறுத்தியிருந்தான்.

கடைசியில் 'இடத்தை மறை' என்பதைத் தொட்டேன்.
அப்படிச் செய்தால்
சரியான இடம் வனத்துறைக்குப் போகும்.
ஊருக்குத் தெரிவது, இருபது கிலோமீட்டருக்குள்
எங்காவது தற்செயலாய் விழும் ஒரு புள்ளி.

பதினோரு மணிக்கு ஆக்னஸ்:
'உறுதி. கொம்பன் ஆந்தைதான். குஞ்சுகளோடா!
அம்மாடி, எங்கே?'
டோர் லாக், என்று அனுப்பினேன்.

குவாரிக் கோப்பு இன்னும் மேசை மாறிக்கொண்டிருக்கிறது.
அந்தத் தற்செயல் புள்ளி எங்கே விழுந்தது என்றால்,
எங்கள் செக்‌ஷன் ஆபீஸ் கூரையில்.
யாரோ போனில் பார்த்துவிட்டுச் சொல்ல,
சாப்பாட்டு நேரத்தில் போர்மேன் சுப்புரத்தினம்
ஏணி வைத்து ஏறினார்.
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தார்,
பழைய இன்சுலேட்டர்களைக் காலால் தள்ளிப் பார்த்தார்,
கைதட்டிக்கொண்டே இறங்கி வந்து
எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:
இங்கே ஒன்றும் இல்லை.